பக்கத்துக் கட்டிலுக்குக் காற்று

இன்று காலை திருச்சானூரிலிருந்து வந்த ஷேர் ஆட்டோவில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் ஒரு கூடை சம்பங்கி. வண்டி முழுக்க அந்த மணம். ரேணிகுண்டா வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், இங்கதான எறங்கணும்னீங்க?" என்றார். இறங்கி நடந்தேன். வழியெல்லாம் உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத்தான் அந்தச் சிறிய புத்தர் சிலையைக் கொண்டுவந்து சுவரலமாரியில் வைத்தாய். கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி உன்னை ஒரு விகாரைக்கு அழைத்துப் போயிருந்தாள். அங்கே எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஆச்சரியமாகச் சொன்னாய். நகரியில் விசைத்தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நீ. அந்த அமைதி உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவது என்றால் ஏதாவது வேண்டிக்கொள்வது. நீ தினமும் விளக்கேற்றி, தண்ணீரும் சம்பங்கிப் பூவும் வைத்துவிட்டு வருவதைப் பார்த்து ஒருநாள் கேட்டேன்.

"இன்னா வேண்டிக்கினே?"

"ஒண்ணும் கேக்கல. குடுக்கறதுக்குத்தான் போனேன்."

"அவருக்கு எதுக்கு இதெல்லாம்?"

"அவருக்கு வாணாங்க. எனக்குத்தான் குடுத்துப் பழகணும்."

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். மற்ற நேரமெல்லாம் நீ படபடவென்று வேலை செய்கிறவள். பாத்திரம் உருளும், கதவு அடிக்கும். அலமாரி முன்னால் போய் நின்றதும் வேறொருத்தி ஆகிவிடுவாய். தண்ணீரை ஊற்றும்போது ஊற்றுவதை மட்டும் செய்வாய். பூவை வைத்த பிறகும் விரல்கள் அதைவிட்டு உடனே வந்துவிடாது. மறுநாள் அதே பூ வாடிக் கிடக்கும். அதையும் புதுப்பூவைத் தொட்ட அதே மென்மையோடு எடுப்பாய். "வாடும்னு தெரிஞ்சிக்கினுதான வைக்கறேன்" என்பாய்.

திருப்பதி மருத்துவமனையில் உனக்குப் புற்றுநோய் என்று சொன்ன அன்று, வீடு வந்ததும் நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தேன். நீ கை கால் கழுவிக்கொண்டு, வழியில் வாங்கிய பூவைப் பிரித்தாய். தீக்குச்சியைக் கிழித்தாய். திரி பற்றவில்லை. மறுபடி கிழித்தாய். அவசரமே இல்லை. விளக்கு எரிந்ததும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"உனக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்குது. அதையும் வச்சிக்கினுதான் ஏத்தனேன்."

மருந்து ஏற ஏற உனக்கு வாசனையே தெரியாமல் போயிற்று. சோறும் மண்ணாக இருக்கிறது என்று ஒதுக்கினாய். ஆனால் ஊதுபத்தி நிற்கவில்லை. "உனக்கே தெரியலியே, அப்புறம் யாருக்கு?" என்றேன். "உங்களுக்குத் தெரியுதுல்ல?" என்று சிரித்தாய்.

கடைசியாக உன்னை வார்டில் சேர்த்தது நல்ல வெயில் காலத்தில். அங்கே விளக்கு கூடாது, பூ கூடாது, ஊதுபத்தி கூடவே கூடாது. உனக்குத் தண்ணீரே இறங்கவில்லை. வெக்கை தாங்காமல் நீ தவிப்பதைப் பார்த்து, நர்சம்மாவிடம் கெஞ்சி, வீட்டிலிருந்து மேசை மின்விசிறியைக் கொண்டுவந்து உன் தலைமாட்டில் வைத்தேன். முகத்தில் காற்று பட்டதும் கண்ணை மூடினாய். எனக்கே மூச்சு வந்ததுபோல் இருந்தது.

அன்று மத்தியானம் கண் திறந்து பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாய். அதில் வயதான ஒரு தெலுங்கு அம்மா. சேலைத் தலைப்பால் விசிறிக்கொள்ளவும் தெம்பில்லாமல் கிடந்தார்.

"அந்தப் பக்கம் திருப்புங்க" என்றாய்.

"உனக்கு வேர்க்குமே."

"திருப்புங்க. மெதுவா."

திருப்பினேன். அந்த அம்மாவின் நரைமுடி பறந்தது. "சல்லகா உந்தி தல்லி" என்றார், குளிர்ச்சியாக இருக்கிறதம்மா என்று. ஊசி ஏறிக்கொண்டிருந்த கையை நீ மெல்ல இழுத்து, இன்னொரு கையோடு சேர்த்து, நெஞ்சின் மேல் குவித்தாய். அலமாரி முன்னால் நிற்கும்போது இருக்கும் அதே முகம். நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கொடுக்க ஒன்றுமே இல்லாத இடத்திலும் நீ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாய். இத்தனை வருடம் நான் யாரோடு குடும்பம் நடத்தினேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நீ அதிக நாள் இருக்கவில்லை.

இப்போது அலமாரியில் நான்தான் வைக்கிறேன். உன்னளவு நிதானம் எனக்கு வரவில்லை. பாதியில் வேறு நினைப்பு ஓடும். திரும்ப வந்து நிற்பேன். ஆனால் கையில் மட்டும் ஏதோ படிந்திருக்கிறது போல. நேற்று என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் சாப்பாடு கொண்டுவரவில்லை. என் டப்பாவிலிருந்து பாதிச் சோற்றை மூடியில் எடுத்து, சிந்தாமல் பார்த்து, இரண்டு கையாலும் அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னாப்பா, சாமிக்குப் படைக்கிற மாதிரி வைக்கிற?" என்று சிரித்தார்.

"துன்னு" என்றேன். அவர் முதல் கவளத்தை வாயில் வைக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.