தர்ஷினிக்கு ஒரு ஷராரா

4/10 சனி

காலையிலிருந்து வெயில். மதியம் ஈப்போ முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது, மழை இல்லை. முட்டிவலி.

நேற்று மருமகள் சாந்தியிடமிருந்து போன். பாரிட் புந்தாரிலிருந்து. மகன் இறந்த பிறகு அம்மா வீட்டுக்குப் போனவள், அங்கேயே மறு கல்யாணம். தப்பில்லை, சின்ன வயது. பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் பேத்தி தர்ஷினி குரல்: "ஷராராதான் வேணும்மா, வேற எதுவும் வேணாம்."

ஷராரா என்றால் என்ன?

பக்கத்து வீட்டு லெட்சுமி போனில் படம் காட்டினாள். முழங்கால் வரை கால்சட்டை. அதற்குக் கீழே பாவாடை மாதிரி விரிகிறது. மேலே குட்டைச் சட்டை, தோளுக்குத் துப்பட்டா. அவள் புருஷன் முனியாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "பாவாடையா சிலுவாரா, ஏதாச்சும் ஒன்னச் சொல்லுங்கலா. யானைக்குத் தச்ச மாதிரி இருக்கு!"

மூன்று தீபாவளியாகத் தர்ஷினியைப் பார்க்கவில்லை. உடுப்பு இங்கே இருந்தால் போட்டுக்கொள்ள இங்கே வருவாள். சாந்தியும் கூட்டி வராமல் இருக்க முடியாது. யோசனை இதுதான்.

5/10 ஞாயிறு

டவுனில் மூன்று கடை ஏறி இறங்கினேன். பிள்ளைகள் அளவு தீர்ந்துவிட்டதாம். லெட்சுமி ஆன்லைனில் எடுக்கலாம் என்றாள். எனக்குத் தமிழ் மட்டும்தான் எழுதப் படிக்க வரும். அவளே எல்லாம் அமுக்கினாள்.

"உயரம் எவ்ளோ தாத்தா?"

எனக்கு மறதி கிடையாது. கடைசியாக வந்தபோது தர்ஷினி ஐஸ்பெட்டியில் சாய்ந்து நின்று ஐஸ்கிரீம் தின்றாள். தலை சரியாகக் கைப்பிடியில். நூல் எடுத்து அங்கிருந்து தரை வரை பிடித்து வெட்டிக் கொடுத்தேன்.

"பன்னெண்டு வயசுக்கு இது சின்னதுலா. பெருசா எடுப்போம்."

"வளர்ந்திருப்பான்னு ஒரு விரக்கடை கூட்டிக்க. எங்க பரம்பரையே குட்டை. அவ அப்பன் பதினஞ்சு வயசுலகூட வாங்குப் பலகைக்கு அடியில படுப்பான்."

மாம்பழ மஞ்சள், சிவப்புக் கரை. சொல்லியாகிவிட்டது.

வாங்க: உளுத்தமாவு, எள், கற்பூரம், முட்டி மருந்து.

13/10 திங்கள்

மழை. வாசலில் "பாக்சிக்! பாராங்!" என்று மலாய்ப் பையன் சத்தம். பொட்டலம் வந்துவிட்டது.

கையில் எடுத்தால் சறுக்குகிறது. கண்ணாடிச் சில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் புதுத்துணி வந்தால் மஞ்சள் வைக்காமல் மடித்ததில்லை. சட்டைக்கு ஒரு ஓரம், காலுக்கு ஒரு ஓரம், துப்பட்டாவுக்கு ஒரு முனை. என் வீட்டுக்காரி படத்துக்கும் மகன் படத்துக்கும் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினேன். உன் பிள்ளைக்கு வாங்கியிருக்கிறேன்டா, பார் என்றேன்.

ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

14/10 செவ்வாய்

சாந்திக்குப் போன்.

"சின்னவளுக்கு உடுப்பு எடுத்திருக்கேன்மா. அவ கேட்டது. தீபாவளிக்குக் கூட்டியாந்துரு."

"எதுக்கு மாமா உங்களுக்குச் செலவு? எந்த அளவுல எடுத்தீங்க?"

ஐஸ்பெட்டிக் கைப்பிடி என்றேன்.

"மாமா, அவ என்னையத் தாண்டிட்டா. போன வருசமே பெரிய மனுசி ஆயிட்டா. சடங்கெல்லாம் முடிஞ்சிருச்சு."

"ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"சொல்லணும்னுதான் இருந்தேன். இங்க இவரு சொந்தமெல்லாம் நின்னு செஞ்சாங்க. உங்கள எப்படிக் கூப்புடுறதுன்னு தெரியல மாமா. கோச்சுக்காதீங்க."

கோபமில்லை என்றேன். தீபாவளிக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "பாக்குறேன் மாமா."

அப்பன் வழியில் யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்க வாய் வரவில்லை.

என் தங்கை வயதுக்கு வந்தபோது ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டுக்குப் பின்னால் பச்சை ஓலையில் குச்சு கட்டினார்கள். யாருக்கும் ஆள் அனுப்பவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஒருத்தி சொன்னாள், மரப்பால் நிறுக்கும் நேரத்துக்குள் அடுத்த டிவிஷன் பெண்கள் புட்டுச் சட்டியோடு வந்து நின்றார்கள். இப்போது எல்லார் கையிலும் போன்.

15/10 புதன்

உடுப்பை மாற்றித் தருவார்களா என்று லெட்சுமி எழுதிக் கேட்டாள். முதலில் சரி என்றார்களாம். படம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள்.

"கறை இருக்கு, எடுத்துக்க மாட்டாங்களாம் தாத்தா."

"கறை இல்ல லெட்சுமி. மஞ்சள்."

"நமக்கு மஞ்சள். அவங்களுக்குக் கறைதானே லா."

தையல்காரம்மாவிடம் கொண்டுபோனேன். உள்ளே பிரித்துவிடத் துணி இல்லை, விரிகிற இடம் முழங்காலில் வர வேண்டும், நீங்கள் சொல்லும் உயரத்துக்குத் தொடையில் வரும் என்றாள். "யாருக்குங்கையா?" பேத்திக்கு என்றேன். "அளவு தெரியாமலா எடுத்தீங்க?"

பெரிய அளவு இப்போது சொன்னால் தீபாவளி கழித்துத்தான் வருமாம்.

வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறான் முனியாண்டி. அவள் பேரைச் சொல்லிப் படத்துக்கு முன்னால் வைத்தது. எப்படிக் கொடுக்க?

19/10 ஞாயிறு

படையல். கோழி, கருவாட்டுக் குழம்பு, மகனுக்குக் கோப்பி, வீட்டுக்காரிக்கு வெற்றிலை. உப்பு கூடிவிட்டது. சாந்தி போன் எடுக்கவில்லை. இரண்டு முறை அடித்தேன், மூன்றாவது அடிக்கவில்லை.

வாசலைக் கழுவினேன். வந்தால் வழுக்கக் கூடாது.

20/10 திங்கள். தீபாவளி

எண்ணெய் வைத்துக் குளித்தேன். மழை, விட்டு விட்டு. முறுக்கு, அதிரசம் மேசையில். வாசலில் கார் நின்ற ஒவ்வொரு முறையும் எழுந்தேன். எல்லாம் முனியாண்டி வீட்டுக்கு.

மாலையில் லெட்சுமி போனோடு வந்தாள். சாந்தி படம் அனுப்பியிருக்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டேன். பெரிய கூட்டம், யார் யாரோ. நடுவில் சின்னது ஒன்று, மஞ்சள் ஷராரா, தலையைச் சாய்த்துச் சிரிக்கிறது.

"பாரு லெட்சுமி, அப்படியே எம் மகன் சிரிப்பு. உடம்பு தேறவே இல்ல பாரு. இந்த உடுப்பே பத்தும்போல."

லெட்சுமி கீழே இருந்த எழுத்தைப் படித்தாள். பிறகு மெதுவாக, "தாத்தா, கீழ எழுதியிருக்காங்க. அது சாந்தி வீட்டுக்காரரோட தங்கச்சி புள்ளையாம்." விரலால் படத்தை ஓரத்துக்குத் தள்ளினாள். "இதுதான் உங்க தர்ஷினி."

நெட்டையாக ஒரு பெண். பச்சை ஷராரா. முடியை விரித்துவிட்டிருக்கிறாள். சிரிக்கவில்லை.

வெகுநேரம் பார்த்தேன். கடைத்தெருவில் எதிரே வந்திருந்தால், யாரோ வீட்டுப் பெண் என்று ஒதுங்கி வழிவிட்டிருப்பேன்.