இருபது நிமிடம் முந்திய வீடு

ஜூன் 3, செவ்வாய்

மழை இல்லை. ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து நன்றாக இருந்தது. கங்காணி இன்று யாரையும் ஏசவில்லை, உடம்புக்கு ஏதோ சரியில்லை போல.

சாயந்தரம் விதுஷா கொழும்பிலிருந்து பேசினாள். இணையத்தில் தமிழ்ச் செய்தி போடும் ஒரு சின்ன நிறுவனத்தில் என் மகளுக்கு இதுவரை எழுதிக் கொடுக்கும் வேலைதான். நாளையிலிருந்து இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளும், அவளையே வாசிக்க வைத்துப் பார்க்கப் போகிறார்களாம். தினமும் ஏழு மணிக்கு, பத்து நிமிடம், நேரடியாக. பிடித்தால் நிரந்தரமாக வாசிக்கலாம். பிடிக்காவிட்டால் பழையபடி எழுத்து வேலை. பதிந்தும் வைக்க மாட்டார்கள், அந்த நேரத்தில் பார்த்தால்தான் உண்டு.

"நீ பாத்துச் சொல்லணும்மா. இங்க எல்லாரும் மூஞ்சிக்கு நேரா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. நீதான் உள்ளதச் சொல்லுவ."

முடிவு தெரியும்வரை தோட்டத்து லய வீடுகளில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னாள். அதுவும் சரிதான். இங்கே கண் போடுவதற்கா ஆள் இல்லை.

ஜூன் 4, புதன்

"ஏழு மணிக்கா? எந்த ஏழு? ஒன் ஏழா, ஒலகத்து ஏழா?" என்று கேட்டார் இவர். என் வீட்டுக்காரர் இராசையாவுக்கு வேறு எதில் வாய் இருக்கிறதோ இல்லையோ, என் கடிகாரத்தைப் பற்றிப் பேச மட்டும் எப்போதும் வாய் உண்டு.

விதுஷா மூன்றாம் வகுப்பு படித்த காலத்தில் ஒருநாள், விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்திப் போனேன். கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போட்டார். அரைச் சம்பளம் போனால் போகிறது, எல்லார் முன்னாலும் அவர் பேசிய பேச்சு இருக்கிறதே. அன்றைக்குச் சுவர்க் கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னே தள்ளியவள்தான். கைப்பேசி வந்தபோது அதையும் தள்ளினேன், டீவி வந்தபோது அதையும். ஒன்று மட்டும் சரியான நேரம் காட்டினால் இவர் அதைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாகப் பல் விளக்குவார்.

ஆகவே எங்கள் கடிகாரத்தில் ஏழு இருபதுக்கு, ஊர் ஏழுக்கு, போனோடு உட்கார்ந்தோம். வட்டம் சுற்றியது. சுற்றியது. பிறகு கறுப்புத் திரை, 'இயக்க முடியவில்லை, மீண்டும் முயல்க.' பத்து நிமிடமும் முயன்றேன். என் பிள்ளையின் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

எட்டு மணிக்குப் பேசினாள். "எப்படிம்மா?" அந்தக் குரலில் அப்படி ஒரு ஆசை. வாய் தானாக "நல்லாருந்துச்சு கண்ணு" என்றது. ஏன் சொன்னேன்?

ஜூன் 5, வியாழன்

டீவியில் போட்டுப் பார்த்தோம். அதே வட்டம், அதே கறுப்பு. இவர் டீவியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். எல்லாவற்றுக்கும் இவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

போன வருசத்து மீன்குழம்புச் சமையல் வீடியோவைப் போட்டால் பளிச்சென்று ஓடுகிறது. அவள் செய்தி மட்டும் வர மாட்டேன் என்கிறது.

விதுஷாவிடம், "நேத்தையவிட இன்னிக்கு நல்லாருந்துச்சு" என்றேன். கம்மிய குரலில் சரிம்மா என்று வைத்துவிட்டாள். களைப்பாக இருக்கும்.

ஜூன் 6, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில், மலையிலிருந்தே போன் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். நல்ல மரியாதையான பையன். போனை அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி பேசச் சொன்னான், பேசினேன். சேர்ந்திருக்கும் குப்பையை அழிக்கச் சொன்னான், அழித்தேன். செயலியை எடுத்துவிட்டு மறுபடி இறக்கச் சொன்னான், இறக்கினேன். ரவுட்டரை ஜன்னல் பக்கம் வைக்கச் சொன்னான். வைத்துவிட்டேன் என்றேன். நான் நிற்பது தேயிலைக்குள், ரவுட்டர் இருப்பது லயத்தில்.

"நேரடியா போறது எதுவுமே வரலங்களா?"

"எதுவுமே வரல தம்பி. பழசெல்லாம் வருது."

"மலைப்பக்கம்தானே, சிக்னலா இருக்கும்" என்று முடித்துவிட்டான். மலைப்பக்கம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

சாயந்தரம் ரவுட்டரை ஜன்னலில் வைத்தோம். பலன் இல்லை. லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில் போய் ஒரு போன் கேட்டால் போதும், வந்துவிடும். ஆனால் விஷயத்தைச் சொல்ல வேண்டுமே.

ஜூன் 7, சனி

அரை நாள் வேலையோடு பதுளைக்கு ஓடினேன். போன் பழுது பார்க்கும் ஷஹீலாவின் கடை பூட்டிக் கிடந்தது. ஹஜ் பெருநாள். என் அவசரத்தில் அது நினைவில் இல்லை. பஸ் நிலையத்தில் ஒரு வடையைத் தின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று கடை திறந்திருந்தது. ஷஹீலா முதலில் பெருநாள் இனிப்பு, ஒரு துண்டு தொதல் கொடுத்தாள், பிறகுதான் போனை வாங்கினாள். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துப் புதுப் போன் மாதிரி ஆக்கினாள். நாள் முழுக்க ஓடும் ஒரு செய்திச் சானலைப் போட்டாள். நேரடியாக, தண்ணீர் மாதிரி ஓடியது. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது அழிந்துபோனதையெல்லாம் திரும்பப் போட்டேன். தங்கச்சி நம்பர், முருகன் படம், என் மணி.

ஏழு மணிக்கு மறுபடி வட்டம். கறுப்பு.

அழுதேன். இவர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சீனி கூடிவிட்டது. அப்படியே குடித்தேன்.

ஜூன் 9, திங்கள்

ஐந்து பொய் ஆகிவிட்டது. இன்றைக்கு ஆறாவது.

ஜூன் 10, செவ்வாய், போயா

பௌர்ணமி லீவு. காலையிலேயே பதுளை. ஷஹீலா கையில் வாங்கி மறுபடி எல்லாம் செய்தாள். கடையில் மறுபடி அருமையாக ஓடியது.

"அக்கா, போன்ல ஒரு கொறையும் இல்ல. ஒங்க வீட்லதான் ஏதோ இருக்கு."

எங்கள் வீட்டில் என்ன, பேயா இருக்கிறது? எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தோடு அங்கேயே நின்று போனில் மணியைத் தள்ளி வைக்கத் தொடங்கினேன்.

"என்னக்கா செய்றீங்க?"

"மணி வைக்கிறேன்."

"அது சரியாத்தானே இருக்கு."

"எங்க வீட்டு மணி இருவது நிமிஷம் முந்தி. பெரட்டுக்குப் போகணும்ல."

ஷஹீலா என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். பிறகு கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்து, சால்வையால் துடைத்து, மறுபடி சிரித்து. எனக்கு ஒரு அறை விடலாம் போல இருந்தது.

அப்புறம் சொன்னாள். நேரடி நிகழ்ச்சி துண்டு துண்டாகத்தான் வருமாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்தந்த நேரத்துத் துண்டைப் போன் கேட்டு வாங்குமாம். "ஒங்க போன் ஏழு இருவதுக்கு வர்ற துண்டக் கேக்குது. அங்க மணி ஏழுதான். இன்னும் சுடாத ரொட்டியக் கேட்டா அவன் எங்கேருந்து தருவான்? பழைய வீடியோன்னா எல்லாம் சுட்டு அடுக்கி இருக்கு, எப்ப கேட்டாலும் கெடைக்கும்."

நான்தான். ஆறு நாளும் நானேதான். திரும்பி வரும் வழியெல்லாம் சிரிப்பும் வெட்கமும்.

வீட்டுக்கு வந்து டீவியின் மணியையும் திருத்தினேன். ஏழு மணிக்கு அதைப் போட்டோம். வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. நீலச் சட்டையோடு என் பிள்ளை வந்து உட்கார்ந்து, வணக்கம் என்றாள்.

இவர் எழுந்து நின்றுவிட்டார். எவ்வளவு அழகு. ஆனால் ஐயோ, என்ன வேகம். ஒரு செய்தியின் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறாள். பத்து நிமிடச் செய்தி எட்டு நிமிடத்தில் முடிந்து, மீதிக்கு வெறும் இசை போட்டார்கள்.

எட்டு மணிக்கு அவள் எடுக்கும் முன் நானே எடுத்தேன். "விதுஷா, இன்னிக்குத்தான் நான் மொத மொதல்ல பாத்தேன். இதுக்கு முந்தி சொன்னதெல்லாம் பொய்."

"தெரியும்மா."

"எப்படி?"

"வியாழக்கிழம நான் வாசிக்கவே இல்ல. தொண்ட கட்டிருச்சு. வேற பொண்ணு வாசிச்சா. நீ நேத்தையவிட நல்லாருந்துச்சுன்ன."

"ஏன்டி கேக்கல?"

"கேட்டா அழுதுருப்பேன். நீ அசந்து தூங்கிருப்பன்னு நெனச்சுக்கிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன், கடிகாரம், ரொட்டி, ஷஹீலா சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப சொல்லு, எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"ஓடுற. யாரோ வெரட்டுற மாதிரி ஓடுற. கடைசிச் சொல்லு எனக்குக் கேக்கவே இல்ல."

"இங்கயும் அதத்தான் சொல்றாங்க. எப்படி நிறுத்துறதுன்னு தெரியலம்மா."

எப்படித் தெரியும்? எழும்பு நேரமாச்சு, தின்னு நேரமாச்சு, நட நேரமாச்சு என்று பதினைந்து வருசம் விரட்டி வளர்த்தவள் நான்.

ஜூன் 12, வியாழன்

நேற்று அவளிடம் சொன்னேன்: ஒரு செய்தி முடிந்ததும் வாயை மூடு, ஒரு மூச்சு விடு, பிறகு அடுத்ததைத் தொடு. இன்று முதல் மூன்று செய்திக்கும் செய்தாள். நாலாவதில் மறந்து ஓடிவிட்டாள். அப்படியே சொன்னேன்.

போனும் டீவியும் ஊர் நேரத்தில். சுவர்க் கடிகாரம் மட்டும் என் நேரத்தில். காலையில் இவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறார். நல்லது.

ஜூன் 15, ஞாயிறு

ஒன்பது நிமிடம் வந்துவிட்டது. "மட்டக்களப்பு" என்பதில் தடுக்கினாள். சொன்னேன். "அத நீ கவனிக்க மாட்டேன்னு பாத்தேன்" என்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றோடு இரண்டு கிழமை. பத்து நிமிடத்துக்குப் பத்து நிமிடம். நன்றாக இருந்தது என்றேன். "நெசமா?" என்று மூன்று தடவை கேட்டாள். அந்தச் சந்தேகம் நான் சம்பாதித்தது.

ஜூன் 19, வியாழன்

ஒரு தகவலும் இல்லை. இரண்டு நாளும் ஏழு மணிக்கு வேறு பெண் வந்தாள். அவளும் பாவம், நன்றாகத்தான் வாசிக்கிறாள்.

ஜூன் 23, திங்கள்

இன்று விதுஷா வாசித்தாள். திரையின் கீழே 'விதுஷா இராசையா' என்று பெயர் போட்டிருந்தார்கள். நிரந்தரமானவர்களுக்குத்தான் பெயர் போடுவார்களாம். இவர் டீவிக்குப் பக்கத்தில் போய் நின்று, தன் பெயரை இரண்டு தடவை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

எட்டு மணிக்கு அவள் பேசினாள். "எப்படிம்மா இருந்துச்சு?"

"இன்னிக்குச் சுமார்தான். வானிலை வாசிக்கிறப்ப சிரிச்சிட்ட."

"ஆமாம்மா" என்றாள். இந்தத் தடவை 'நெசமா?' என்று திருப்பிக் கேட்கவில்லை.