அத்தைக்கு மீன் என்று வாசித்தேன்

சின்னமனூர்,
8-2-1986

அன்புள்ள மச்சானுக்கு,

சண்முகத்தாய் எழுதுவது. பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. வயலில் கதிர் பிடித்துவிட்டது. இங்கே குறை என்று சொன்னால் நீங்கள் இல்லாததுதான். கடிதம் வந்து எட்டு நாளாகிறது. தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை.

வழக்கம்போல நடுவீட்டில் உட்கார்ந்து அத்தைக்கும் மாமாவுக்கும் வாசித்தேன். "கடலுக்கு அடியில் ஒரு சேற்று எரிமலை, அதற்கு நேர் மேலே எங்கள் கப்பல் நிற்கிறது" என்ற வரி வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று, "கடலுக்கு அடியில் மீன் எங்கே கூட்டமாகக் கிடக்கிறது என்று பார்க்கிறோம்" என்று வாசித்துவிட்டேன். அதன் பிறகு எரிமலை வந்த இடமெல்லாம் மீன்தான்.

"மீனு பாக்கவா எம் மவன் அம்புட்டுப் படிச்சான்?" என்றார்கள் அத்தை.

"கவர்மெண்டு மீனுடி. பெரிசாத்தான் இருக்கும்" என்றார் மாமா.

நான் படித்தது பொருளாதாரம். எரிமலை என்றால் பள்ளிப் புத்தகத்துப் படம்தான் தெரியும். சேறு என்று முன்னால் போட்டுவிட்டால் அது எரிமலை இல்லையென்று ஆகிவிடுமா? அதன் மேல் கப்பலை நிறுத்தலாமா? மறைக்காமல் எழுதுங்கள்.

ரேடியோவில் கடல் வானிலை சொல்லும்போதெல்லாம் "அப்பா, அப்பா, சத்தம் போடாதே" என்று பாப்பாவை அடக்குவேன். இப்போது அந்தப் பெட்டியைக் கண்டாலே அவள் "அப்பா" என்கிறாள். சிரிக்கவும் முடியவில்லை.

உங்கள்,
சண்முகத்தாய்

*

போர்ட் பிளேர்,
26-2-1986

அன்புள்ள தாயிக்கு,

கரைக்கு வந்ததும் உன் கடிதம்தான் முதலில் கிடைத்தது. மீன் கதையைப் பிச்சைமணியிடம் சொன்னேன். கப்பலில் கம்பிவடம் இறக்குகிறவர். விழுந்து விழுந்து சிரித்தார்.

பயப்படாதே, இங்கே நெருப்பு கிடையாது. குளிர்ந்த சேறு. தரை முடிந்து ஆழ்கடல் இறங்குகிற விளிம்பில் பல லட்சம் வருஷத்து வண்டல் படிந்து கிடக்கிறது. அது நெருக்கப்படும்போது உள்ளே அகப்பட்ட தண்ணீரும் வாயுவும் வெளியே வர வழி தேடும். கிடைத்த பிளவு வழியாகச் சேற்றையும் தூக்கிக்கொண்டு வரும். அப்படி வந்து வந்து குவிந்ததுதான் இந்த மலை. நடவு வயலில் கால் வைத்தால் கணுக்கால் ஓரம் கொப்புளம் கிளம்புமே, அதற்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்.

மலை இருப்பது ஆயிரத்து இருநூறு மீட்டர் ஆழத்தில். நான் ஆழம் அளக்கும் எதிரொலிக் கருவியின் முன்னால் உட்கார்ந்து காகிதச் சுருளைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். உச்சியிலிருந்து குமிழிகள் அடுப்புப் புகைபோல எழுந்து நிற்பது அதில் கோடாக விழுந்தபோது எல்லோரும் சுருளைச் சுற்றிக் கூடிவிட்டோம். குழாய் இறக்கிச் சேறு எடுத்தோம். மேலே வந்ததும் சோடாவைப்போலச் சீறியது. அழுகிய முட்டை நாற்றம். நடுவில் வெள்ளைச் சிப்பிகள். வெயிலே எட்டாத இடத்தில் அந்தக் கசிவை நம்பிப் பிழைக்கிற உயிர்கள், தாயி.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். போன வாரம் குழாயைத் திறக்கையில் உள்ளே அடைந்திருந்த வாயு சேற்றைப் பீய்ச்சி அடித்தது. பிச்சைமணிக்குத் தோளில் நல்ல அடி. இப்போது சுகம். எனக்கு ஒன்றுமில்லை, சேற்றில் குளித்ததோடு சரி.

ஏப்ரல் கடைசியில் கப்பல் மறுபடி அதே இடத்துக்குப் போகிறது, ஜூன் வரை. ஆய்வுக்குழுத் தலைவர் என்னைக் கூப்பிடுகிறார். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
சுயம்புலிங்கம்

*

சின்னமனூர்,
24-3-1986

அன்புள்ள மச்சானுக்கு,

இதுவும் தாமதம்தான். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

பிச்சைமணி அண்ணன் தோளுக்கு இப்போது எப்படி இருக்கிறது? அந்த இரண்டு வரிக்குப் பிறகு நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அத்தையிடம் "வலை கிழிந்துவிட்டதாம்" என்று வாசித்தேன்.

வாருங்கள், போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தச் சிப்பிகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். உங்கள் ஆசை தெரிகிறது. ஆனால் இங்கே ஒன்று நடந்துவிட்டது. அத்தை வீரபாண்டிக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்துவிட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு நீங்களே வந்து, உடம்பு முழுக்கச் சேறு பூசி, வேப்பிலையோடு கௌமாரியம்மன் வாசலுக்கு நடக்க வேண்டுமாம். ஆள் மாற்றக் கூடாதாம். மாதக் கடைசிச் செவ்வாயன்று தொடங்குகிறது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, உங்களுக்கே தெரியும். பெரியவர்கள் மனம் கோணக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள்,
சண்முகத்தாய்

*

போர்ட் பிளேர்,
10-4-1986

அன்புள்ள தாயிக்கு,

ஒரு சந்தேகம். அம்மாவுக்கு நீ மீன் என்றுதானே வாசித்தாய்?

நான் பரீட்சை எழுதினாலும் அம்மா நேர்வது தீச்சட்டி. மாடு காணாமல் போனாலும் தீச்சட்டி. உனக்குப் பிரசவ வலி எடுத்தபோதும் தீச்சட்டிதான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், சேறு பூசுகிறேன் என்று அவள் ஒரு தடவையும் நேர்ந்ததில்லை. இப்போது திடீரென்று சேறு எப்படி நினைவுக்கு வந்தது? நான் சேற்றின் மேல் நிற்பது அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பதில் எழுத வேண்டாம். நான் வருகிறேன். எடுத்த சேற்றில் உப்பும் வாயுவும் அளக்கக் கரையில் ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த வேலையைக் கேட்டு வாங்கிவிட்டேன். மதராஸில்தான், நீயும் பாப்பாவும் கூட இருக்கலாம். ஊரில் நேர்த்திக்கடன் என்றதும், "யார் நேர்ந்தது?" என்று கேட்டார் தலைவர். "மனைவி நேர்ந்தது" என்றேன். "அப்படியென்றால் நான் ஒன்றும் பேச முடியாது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தக் குமிழிக் கோட்டை இன்னொரு தடவை பார்க்க முடியாதே என்று கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

மே ஐந்தாம் தேதி வீட்டில் இருப்பேன். இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு வாசி.

அன்புடன்,
சுயம்புலிங்கம்

*

சின்னமனூர்,
21-4-1986

அன்புள்ள மச்சானுக்கு,

வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். நீங்கள் புறப்படுவதற்குள் கிடைக்க வேண்டும்.

நேர்ந்தது நான்தான். வெண்டைக்காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீரபாண்டிக்குப் பஸ் ஏறினேன். அந்தச் சேறு உங்கள் மேல் படவேண்டுமானால் எங்கள் கண் முன்னால் படட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பொய் சொன்னதுக்குத்தான் வெட்கம்.

சொன்னபடி ஒரு வரி விடாமல் வாசித்தேன். முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அட ஆத்தா, எனக்கு அப்பவே தெரியும்" என்றார்கள் அத்தை. "நீ எச்சி முழுங்குன எடத்துலயெல்லாம் மீனு வந்துச்சு. அம்புட்டு மீனப் பாத்தவன் ஒரு மீனு பேரையாச்சும் எழுத மாட்டானா?"

"பிறகு ஏன் அத்தை கேட்கவில்லை?"

"நீ எங்களுக்காக மறைச்சுக்கிட்டு இருந்த. நான் கேட்டா, எனக்காகவும் சேத்துப் பயப்படுவ."

குமிழி, கொப்புளம் எல்லாம் விளக்கினேன். "நம்ம வயல்ல மிதிச்சாலுந்தான் வருது. அதப் பாக்கக் கப்பலு விட்டிருக்காக" என்று சிரித்தார்கள். மாமாவுக்குத்தான் ஏமாற்றம். "அப்ப கவர்மெண்டு மீனு கெடையாதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நேர்த்திக்கடனுக்கு அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "நேந்தவ நீ. அவன் பூசிக்கிட்டு நடக்கட்டும், நீ சொம்புத் தண்ணியோட கூடவே நட. காஞ்சா தோலு இழுக்கும்." நான் சரி என்றுவிட்டேன்.

நேற்று சாயங்காலம் பாப்பாவுக்குச் சோறு ஊட்டி முடித்துக் கை கழுவும்போதுதான் நினைவு வந்தது. வானிலை சொல்லும் நேரம் எப்போதோ போய்விட்டது. நான் ரேடியோவைத் திருகவே இல்லை.

உங்கள்,
சண்முகத்தாய்