அந்தச் சொல் வரும்வரை

மாமா,

இன்று காலை செங்கலடியில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இருந்த அம்மா ஒருவர் தலைச்சுற்று என்று சொல்லி, லேஞ்சித் துணியில் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணியை ஊற்றி நெற்றியில் வைத்தார். அவ்வளவுதான், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னமே இறங்கி நடந்தேன். ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலைச் சுற்றி எந்நேரமும் இந்த மணம்தானே.

மூளையில் ஆபரேஷன் முடிந்து, தலையில் கட்டோடு உங்களை வாட்டுக்குக் கொண்டுவந்த அன்று டொக்டர் சொன்னார்: "பேச்சுக்குரிய இடத்துக்குப் பக்கத்திலதான் கட்டி இருந்தது. பேச்சு வரச் சுணங்கும். எவ்வளவு வரும் எண்டு இப்ப சொல்ல ஏலாது." மற்றவர்களுக்கு நீங்கள் பிழைத்ததே போதும். எனக்குப் போதவில்லை. ஊர் மெச்சில் நீங்கள் மைக் பிடித்தால், பந்தை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். உங்கள் வர்ணனையை லைவ் போடத்தான் போனே வாங்கினேன். அந்தக் குரல் திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று யூடியூபில் ஒவ்வொரு வீடியோவாகத் தேடித் தேடி எனக்கே தலையிடி வந்தது.

பார்க்க வருகிற சனம் வேறு. களுவாஞ்சிக்குடியிலிருந்தும் கொக்கட்டிச்சோலையிலிருந்தும் தோடம்பழப் பையோடு வந்து, முகத்துக்கு நேரே குனிந்து எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "என்னத் தெரியுதா? நான் ஆரு, சொல்லு பாப்பம்." நோயாளியைப் பார்க்கப் போனால் அப்படிக் கேட்காமல் வர எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. நீங்கள் வாயைத் திறப்பீர்கள். ஒன்றும் வராது. வந்தவர் மாமியைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். கடைசியில் நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள். அடுத்து வருகிறவர், காது கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் உரத்துக் கேட்பார்.

ஒரு நாள் மத்தியானம் மாமி சாப்பிடப் போயிருந்தார். சும்மா இருக்க முடியாமல், போனில் எங்கள் பழைய மெச் ஒன்றைப் போட்டேன். நேர்ஸ் ஏசுவார் என்று சத்தத்தை நிறுத்திவிட்டு, போனை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்தேன். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

பந்து வீச ஓடிவருகிறான். உங்கள் உதடு அசைந்தது. அடித்த பந்து தென்னைக்கு மேலால் போனது.

"எல்லைக்… கோட்டை…" என்றீர்கள். திரையில் அடுத்த பந்தே போட்டாயிற்று. "தாண்டி" என்றீர்கள்.

போனை உங்கள் நெஞ்சிலேயே போட்டுவிட்டு, மாமியைக் கூப்பிட்டுக் கத்தினேன். மாமி ஓடி வந்தார். "என்ன மனே? என்ன நடந்த?"

நீங்கள் அவரை ஆறுதலாகப் பார்த்து, "அம்பயர்" என்றீர்கள்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஓம், அம்பயர்தான். இவ்வளவு காலமும் நான் சொன்ன தீர்ப்ப ஆரு கேட்ட?"

அதற்குப் பிறகும் ஒரே சீராக முன்னேறவில்லை. ஒரு நாள் வாய் நிறையச் சொற்கள், மறுநாள் ஒன்றுமில்லை. முதலில் அசையாமல் கிடந்த வலக்கை கரண்டியைப் பிடித்தது, பேச்சு பிந்தியது. தண்ணீர் வேண்டும் என்றால் "விக்கெட்" என்பீர்கள், பிழை என்று உங்களுக்கே தெரிந்து முகம் சுருங்கும். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் முந்திக்கொள்வேன். "தண்ணியா மாமா? சோறா? மாமியக் கூப்பிடவா?"

ஒரு நாள் கையைத் தூக்கி மறித்தீர்கள். "பொறு" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "பொறு மனே. வரும்."

வீட்டுக்கு வந்து, நடக்கத் தொடங்கி, ஊர் இறுதி ஆட்டத்துக்கும் வந்தீர்கள். ஒரே ஒரு ஓவருக்கு மைக்கை உங்களிடம் தந்தேன். பந்து உயர எழும்பியது. எல்லையில் நின்ற பெடியன் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டான். நீங்கள் பேசவில்லை. ஸ்பீக்கர் இரைந்தது. லைவில் "சத்தம் வரல்ல", "நெட் போயிட்டுதா" என்று கொமன்ட் ஏறியது. பின்னாலிருந்து ஒருத்தர், "டேய், மைக்க வாங்குடா அவர்ட்ட இருந்து" என்றார். என் கை போகத்தான் பார்த்தது. தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டேன்.

"பிடி," என்றீர்கள். "அருமையான… பிடி."

ஆட்டமிழந்தவன் பெவிலியனுக்கே போய்ச் சேர்ந்திருந்தான். ஆனாலும் மைதானம் முழுக்கக் கை தட்டியது.

அடுத்த மாரிகாலத்தில் திடீரென்று நெஞ்சுவலி வந்து, நீங்கள் போய்விட்டீர்கள். வந்த சொற்களையெல்லாம் கூட்டிக்கொண்டு.

இப்போது மைக் என்னிடம். நான் எவ்வளவு படபடவென்று கதைப்பேன் என்று உங்களுக்குத் தெரியும், அது மாறவில்லை. ஆனால் பந்து மேலே போனால் மட்டும் என் வாய் நின்றுவிடுகிறது. "தம்பி, நெட் போயிட்டுதா?" என்று இப்போதும் கேட்கிறார்கள். நான் பதில் போடுவதில்லை. பந்து கீழே வரும்வரை பொறுத்திருக்கிறேன்.