சிவப்புக் கோட்டுக்காரன்

நேர்ன்
20 நவம்பர் 1869

அன்பு மகள் எல்ஸ்பெத்துக்கு,

நலம். முழங்கால்தான் குளிருக்கு முனகுகிறது. பக்கத்து வீட்டு மாக்பீன் எடின்பரோவில் நீ கண்காட்சிக்கு வரைந்திருக்கும் ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்து ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். “நம்ம ஆளுங்கள வெட்டினவனுக்கே உம் பொண்ணு கட்டுப் போட வெச்சிருக்கா, மர்டோ” என்கிறான்.

நூற்றிருபது வருஷத்துக்கு முன் கலோடன் போரில் நம் மலைநாட்டாரை வெட்டி, என் கொள்ளுத்தாத்தாவையும் கொன்றது அரசாங்கத்தின் சிவப்புக் கோட்டுப் படை. அந்தப் படைக்காரன் ஒருவனை நம் குலப் பெண்ணின் மடியிலா கிடத்துவாய்? எண்ணெய்ச் சாயம்தானே, மேலே பூசி அழித்துவிடு. நம் மலைநாட்டுக் கட்டம்போட்ட துணியை அவனுக்குப் போர்த்து. அதுவரை இந்த வீட்டுப் படி ஏறாதே. புத்தாண்டுக்கும் வராதே. உன்னைப் போல் சிவப்புத் தலைமுடிக்காரி அன்றைக்கு முதலில் வாசல் மிதித்தால் வருஷம் விளங்காது என்று எப்படியும் பேசுவார்கள். வழக்கம்போல் கறுப்பு முடி மாக்பீனே நல்ல சகுனத்துக்குக் கரித்துண்டோடு முதலில் வரட்டும்.

அப்பா

எடின்பரோ
29 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்காலுக்குக் கம்பளித் துணி அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் தூக்கி எறியாமல் சுற்றிக்கொள்ளுங்கள்.

கோட்டை மாற்ற மாட்டேன். அது யாருடையது என்று மாக்பீன் சொல்லவில்லையா? உங்களுடையதுதான். கோடையில் உங்கள் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, ஒருவனுக்குப் போட்டுவிட்டு வரைந்தேன். அதே அரசாங்கத்தின் சிவப்பைப் போட்டுக்கொண்டுதான் நீங்களும் ருஷ்யாவோடு சண்டைக்குப் போனீர்கள். ஆல்மா ஆற்றங்கரையில் குண்டடிபட்டுக் கிடந்த உங்களுக்குத் தண்ணீர் கொடுத்துக் காயம் கழுவியது ஒரு ருஷ்யக்காரி. நீங்கள் சொன்னதுதான். ஊரார் படியேற விடமாட்டார்கள் என்று அவளும் பயந்திருந்தால் இன்று எனக்கு அப்பா இல்லை.

வீட்டுக்கு வர ஆசையாகத்தான் இருக்கிறது. அதற்காக ஓவியத்தில் கிடக்கும் அந்த ஆளைச் சாகவிட முடியாது. ஓவியம் இப்படியேதான் கண்காட்சிக்குப் போகும்.

உங்கள் பிடிவாதத்தில் பிறந்த
எல்ஸ்பெத்

நேர்ன்
14 டிசம்பர்

எல்ஸ்பெத்,

திருடி. பெட்டியைத் திறந்து பார்த்தேன், காலியாக இருக்கிறது.

கோட்டின் இடது கையில் கோணலாக ஒரு தையல் இருக்குமே, அதை வரைந்தாயா? அந்த ருஷ்யக்காரி போட்டது. அவளுக்குத் தைக்கவே தெரியாது. விட்டிருந்தால் முதலில் அதைப் போடு, பிறகு கண்காட்சிக்கு அனுப்பு.

மாக்பீனிடம் கோட்டு என்னுடையது என்று சொன்னேன். “வெளியில சொல்லாதே மர்டோ, மானம் போயிடும்” என்றான். நானே சந்தையில் நின்று சொல்லிவிட்டேன்.

புத்தாண்டுக்குக் கரித்துண்டோடு அவன் வந்து கதவைத் தட்டுவான். திறக்க மாட்டேன். நீ சீக்கிரம் வா. உன் சிவப்புத் தலை நுழைந்த பிறகுதான் மற்றவர்கள்.

அப்பா