நான் துடைத்த ஏழு படங்கள்

அண்ணே,

இன்று காலை ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது கையில் சிந்திவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. இனி இன்று முழுக்க உன் நினைப்புதான். நினைப்பு என்று நாசூக்காகச் சொல்கிறேன். நான் செய்த பாவம் என்பதுதான் சரி.

ராயபுரத்தில் நம் தெருப் பெண்களுக்குக் கண் விழித்ததும் முதல் வேலை துடைப்பது. துறைமுகத்து நிலக்கரித் தூள் ஜன்னல் விளிம்பில், சோற்றுப்பானை மூடியில், மாதா சொரூபத்தின் தோளில் என்று எங்கும் வந்து உட்கார்ந்திருக்கும். பூசைக்குப் போவதென்றாலும் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

நீயோ ஈரம் காயாத படங்களை மொட்டை மாடியில் மல்லாக்கப் போட்டு வைப்பாய். ஓவியக் கல்லூரியில் படித்தவன், துறைமுகத்தில் கிரேன்களுக்குப் பெயின்ட் அடித்தாய். வீட்டுக்கு வந்து அதே கிரேன்களை வெறும் சாம்பல் கட்டங்களாக, நடுவில் ஒரு சிவப்புக் கோட்டோடு வரைவாய். "இது இன்னா படம்?" என்று தெருவே சிரித்தது. பதினைந்து வருஷத்தில் யாரோ நடத்தும் கண்காட்சிகளில் கதவோரமாக ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

"ஏண்ணே, கரி வுழுது பாரு. உள்ள எட்தாந்து வையேன்" என்றேன் ஒருமுறை.

"வுழட்டும்மா. அதுக்குத்தான் அங்க போட்டுகீறேன். மிச்சத்த அது வரையும்" என்றாய்.

கிண்டல் செய்கிறாய் என்று நினைத்தேன். நீ எதைத்தான் கிண்டலில்லாமல் சொன்னாய்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நுங்கம்பாக்கத்திலிருந்து கேலரிக்காரர்கள் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் முதல்முறையாக உனக்கென்று தனிக் கண்காட்சி. அவர்களை அழைத்துவர நீ ஸ்டேஷனுக்குப் போயிருந்தாய். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், படமெல்லாம் இப்படிக் கலீஜாகக் கிடக்கிறதே என்று, பழைய பனியனை மண்ணெண்ணெயில் நனைத்து ஏழு படங்களையும் துடைத்தேன். மூலை முடுக்கு விடாமல் துடைத்தேன். கறுப்பு முழுக்க வழித்துக்கொண்டு வந்தது. கடைசிப் படத்தில் சிவப்பும் சேர்ந்து வந்தது. பளிச்சென்று ஆனதில் எனக்கு ஒரே பெருமை.

நீ மாடி வாசலில் வந்து நின்றாய். உன் மூன்று வருஷ உழைப்பு, கரி வரைந்த மிச்சமும் சேர்த்து, என் கையிலிருந்த பனியனில் இருந்தது.

"இன்னாமா பண்ணிகீறே?" என்றாய், மெதுவாக. என் முகம் போன போக்கைப் பார்த்ததும், "வுடு வுடு. சுத்தமா கீது" என்றாய். வந்தவர்கள் காபி குடித்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

நீ திட்டியிருக்கலாம், அண்ணே. ஓர் அறை விட்டிருக்கலாம். அதன்பிறகு நான்கு வருஷம் கிரேனுக்கு மட்டுமே பெயின்ட் அடித்தாய். ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை.

இப்போதும் தினமும் துடைக்கிறேன். ஜன்னல், பானை மூடி, மாதா. உன் போட்டோவுக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. நீ போய் இரண்டு வருஷமாகிறது. கரி படிந்து நெற்றி போய்விட்டது, கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது.

"இன்னாக்கா, அண்ணன் மூஞ்சே தெரியலியே, தொடைக்கக் கூடாதா?" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு உன் முன்னால் நிற்கிறேன், அண்ணே. துடைக்க முடியவில்லை.