இரண்டு ஜன்னலிலும் கடல்

என் பிரியத்துக்குரிய கலியபெருமாளுக்கு,

என் மகளை உன் மகனுக்குக் கொடுத்த பிறகு ஊருக்காக உன்னை 'நீங்க' என்று கூப்பிட்டேன். ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் நான் டிரைவர், நீ கண்டக்டர். கள்ளக்குறிச்சிக்கும் கரியாலூருக்கும் மலை ஏறி இறங்கிய காலமெல்லாம் நமக்குள் 'யோவ்'தானே? இந்தக் கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும்.

யோவ், நான் வெராவலுக்குப் போய்விட்டு வந்தேன். ஆமாம், குஜராத்தில்தான். உன் மகன் மணிகண்டன் ஐஸ் ஃபேக்டரியில் மெக்கானிக்காக இருக்கிற அந்தக் கடற்கரை ஊருக்கேதான். நீ ஒரு தடவைகூடப் பார்க்காமல் படம் வரைந்து வைத்தாயே, அதையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன்.

அவனுக்கு அங்கே வேலை கிடைத்து, என் மகள் சங்கீதா இங்கேயே தங்கியதிலிருந்து உனக்கு அந்தக் குஜராத் தீபகற்பத்தின் மேல் பைத்தியம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வேலைக்கு வடக்கே போய்த் திரும்பும் மலைப் பையன்கள் யார் ஏறினாலும் டிக்கெட் கொடுப்பதற்கு முன் விசாரணைதான். "இன்னாப்பா, குஜராத்து பக்கமா? கடலு எந்த ஜன்னல்ல தெரிஞ்சுது? படிக்கட்டுப் பக்கமா, டிரைவர் பக்கமா?" அவன் சொன்னதைப் பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வாய்.

போனில் மேப் பார்த்தால் ஆகாதா என்று நான் கேட்டேன். "அதுல கடலு நீலமா இருக்குது, ஒத்துக்கறேன். ஜன்னல்ல குந்திகினு பாத்தா எப்டி இருக்கும்னு அதுல இருக்குதா?" என்றாய். மகனிடமே கேளேன் என்றால், "அவன் பொண்டாட்டிய கூப்டுக்கணும்னு எல்லாம் ஜோரா இருக்குதும்பான். கண்டவன கேட்டாத்தான் நெசம் வரும்" என்றாய். உனக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

கரியாலூரில் டீக்கடை முன்னால் வண்டி நின்றபோது அந்தப் படத்தை இன்ஜின் பானட் மேல் விரித்தாய். துவாரகா, போர்பந்தர், வெராவல், டையூ, பாவ்நகர். மூன்று பக்கமும் தண்ணீர். வெராவலுக்கு மட்டும் இரண்டு பக்கமும் நீலம் தீட்டியிருந்தாய். ஒரு பையன் படிக்கட்டுப் பக்கம் கடல் என்றானாம், இன்னொருவன் டிரைவர் பக்கம் என்றானாம். ரெண்டு பேரும் பொய் சொல்கிற பிள்ளைகள் இல்லை என்று இரண்டையும் போட்டுவிட்டாய்.

நான் என்ன செய்தேன்? டீக்கடையில் இருந்த அத்தனை பேர் முன்னால் சிரித்தேன். "ரெண்டு ஜன்னல்லயும் கடலுன்னா எம்பொண்ணு எங்கய்யா கால வெப்பா? பாக்காத ஊருக்குப் படம் போடற உன்ன நம்பி சங்கீதாவ அனுப்பணுமா? முடியாது."

நீ படத்தை மடித்தாய். அதற்குப் பிறகு இரண்டு வாரம் நமக்குள் விசில் மட்டும்தான் பேச்சு. ஒரு நாள் காலை நீ வேலைக்கு வரவில்லை. நெஞ்சுவலி என்று போன் வந்தது. நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உன் காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்துச் சங்கீதா என் எதிரில் வந்து நின்றாள். "அப்பா, நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க. சரியில்லன்னா நான் போகல. ஆனா பாக்காம வாணாம்னு சொல்லாதீங்க." உன்னிடம் நான் சொன்னதையே எனக்குத் திருப்பிக் கொடுத்தாள் பார்.

போனேன். உனக்குத்தான் எத்தனை சேதி வைத்திருக்கிறேன்! நம் ஜனங்களுக்குக் கடல் என்றால் கடலூர், பாண்டிச்சேரி. காலையில் சூரியன் கிளம்புகிற இடம். அங்கே சாயங்காலம் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. துறைமுகத்துக் கரையில் மரப் படகு கட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் நம் பஸ்ஸைவிடப் பெரிசு. மீன் நாற்றத்துக்கு முதல் நாள் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டேன், மூன்றாம் நாள் மறந்துவிட்டது. டீயைச் சாசரில் ஊற்றி உறிஞ்சுகிறார்கள். கொஞ்ச தூரம் உள்ளே போனால் வேர்க்கடலைக் கொல்லை, நம் சின்னசேலம் பக்கத்து மல்லாட்டைக் கொல்லை மாதிரியே. கடலோர மண்ணில் அது எப்படி விளைகிறது? நீயாக இருந்தால் கொல்லையில் இறங்கிக் கேட்டிருப்பாய். எனக்குப் பாஷை தெரியாது. உனக்கும் தெரியாது, ஆனால் நீ கேட்டிருப்பாய்.

மணிகண்டன் பார்த்து வைத்திருக்கிற வீட்டில் குழாய்த் தண்ணீர் வருகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் சைகையிலேயே உன் மருமகள் எப்போது வருவாள் என்று கேட்டுவிட்டாள். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் என்னைப் போர்பந்தருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனான். வழியில் மாதவ்பூர் என்று ஒரு ஊர். ரோட்டை ஒட்டியே கடல், படிக்கட்டுப் பக்கம். திரும்பி வரும்போது அதே இடத்தில் கடல் டிரைவர் பக்கம் வந்தது. மணிகண்டன் என் தோளைத் தட்டினான். "மாமா! அப்பா ரெண்டு பக்கமும் போட்டது இதானா? ஒருத்தன் போகச்ச பாத்தத சொல்லிக்கிறான், ஒருத்தன் வரச்ச பாத்தத சொல்லிக்கிறான். இது கூடத் தெரியாம போட்டுட்டாரே!"

அவன் சிரித்தான். கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது அவனுக்கு. நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

கலியபெருமாளு, எனக்கு அது அன்றைக்கே தெரியும். நீ பானட் மேல் படத்தை விரித்த அடுத்த நிமிஷமே தெரியும். கோமுகி அணை ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம் என்று இருபத்திரண்டு வருஷம் பார்த்தவன் நான். எனக்கா தெரியாது? "போற டிரிப்பா, வர்ற டிரிப்பான்னு கேளுய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் படம் சரியாகியிருக்கும். படம் சரியாகிவிட்டால் என் மகள் போய்விடுவாள். அதனால்தான் சொல்லவில்லை. அதனால்தான் சிரித்தேன்.

நீ தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாயா? அந்த இரண்டு வாரத்தில் நீயே கண்டுபிடித்துவிட்டாயா? வீட்டில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

போன வாரம் சங்கீதாவைச் சென்னைக்குக் கூட்டிப்போய் ரயிலேற்றிவிட்டேன். போய்ச் சேர்ந்து போன் செய்தாள், குரலே மாறியிருந்தது. அவ்வளவு சந்தோஷம். புருஷன் சொன்ன பஸ் கதையையும் சொன்னாள். "பாவம்பா மாமா, அவ்ளோ பேர கேட்டும் தப்பா போட்டுட்டாரு" என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

தை பிறந்ததும் மறுபடி போகிறேன். இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்து, "உங்க அப்பா கேட்டதுல தப்பில்ல, தெரிஞ்சும் சொல்லாதவன் நான்தான்" என்று சொல்லப்போகிறேன். போனில் சொல்ல மாட்டேன், முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். அதன் பிறகும் உன் மகன் என்னை மாமா என்று கூப்பிடுகிறானா என்று வந்து உனக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அதுவரைக்கும் உன் சம்பந்தி,
ஏழுமலை